மகாராஜாவுக்காகத் தூங்கப் போனவன்

முன்னொரு காலத்தில், கடலுக்குத் தெற்கே, கோதுமை வயல் முடிகிற இடத்தில் மணல் தொடங்குகிற ஒரு தேசத்தை அமஸ்தான் என்ற ராஜா ஆண்டுவந்தார். அவரிடம் இருபதாயிரம் குதிரைகள் இருந்தன. யானைத் தொழுவம் இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் விளைச்சல் இருந்தது. தூக்கம் ஒன்றுதான் இல்லை. ஒன்பது நாளாக மனிதர் கண்ணை மூடவே இல்லை.

காரணம் அக்கம்பக்கத்தார். கிழக்கே கடற்கரையில் ஒரு துறைமுகப் பட்டணம். கப்பல், வியாபாரம், வாசனைத் தைலம் எல்லாம் அவர்கள் கையில். கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு பட்டணம். சட்டமும் சேனையும் அவர்கள் கையில். உலகம் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு பேரும் அடித்துக்கொண்டிருந்தார்கள். அடித்துக்கொள்ள வசதியான இடமாக அமஸ்தானின் தேசம் நடுவில் கிடந்தது. நடுவில் இருக்கிறவனுடைய சௌகரியத்தைக் கேட்டுவிட்டுச் சண்டை போடுகிற வழக்கம் அந்தக் காலத்திலும் கிடையாது.

அமஸ்தான் தன்னைப் பெரிய ராஜதந்திரி என்று நினைத்திருந்தார். அதாவது இருவரிடமும் சரி சரி என்று சொல்லிவைத்திருந்தார். வலது கையில் துறைமுகத்தார் அனுப்பிய மோதிரம், இடது கையில் அக்கரையார் அனுப்பிய மோதிரம். யாருடைய தூதர் வந்தாலும் மற்றவருடைய மோதிரம் இருக்கிற கையை மடிக்குள் மறைத்துக்கொள்வார். இந்தச் சாமர்த்தியம் எந்த ராஜாவுக்கு வரும் என்று உள்ளூர ஒரு பூரிப்பு. அப்புறம் ஒருநாள் இரண்டு தூதர்களும் ஒரே வேளையில் சபைக்குள் நுழைந்தார்கள். மகாராஜா இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு, குளிராக இருக்கிறது என்றார். கோதுமை முற்றுகிற வெயில் அது.

தூதர்கள் இருவரும் சொன்னது ஒரே செய்தி. நாளை மறுநாள் சாயங்காலத்துக்குள் எங்களோடு சேருவதாகச் சத்தியம் செய்ய வேண்டும், இல்லையென்றால் நிற்கிற வயலுக்கு நெருப்பு வைப்போம். அறுவடைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அந்த வயல் போனால் அந்த வருஷம் அந்த தேசத்தில் உலை ஏறாது.

அந்த தேசத்தில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா யாரோடு கூட்டுச் சேருவதானாலும், இறந்துபோன தாத்தாவைக் கேட்காமல் சேரக்கூடாது. தாத்தாவைப் புதைத்த இடத்தில் ஒரு பெரிய கல் இருக்கும். உச்சிவேளையில் அதன்மேல் படுத்துக் கண்ணை மூடினால் தாத்தா காதோடு பேசுவார். இரவில் படுக்கக்கூடாது. இரவில் மற்றவர்களுடைய தாத்தாக்களும் கூடிவிடுவார்களாம், யார் சொன்னது எது என்று தெரியாதாம். அமஸ்தானும் அடுத்த நாளே போய்ப் படுத்தார். புரண்டார், திரும்பிப் படுத்தார், எழுந்து தண்ணீர் குடித்தார். தாத்தா பேசவில்லை, முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். கண்ணில் பொட்டுத் தூக்கம் இல்லாதவரிடம் பாவம் தாத்தாதான் என்ன செய்வார்.

முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே மகாராஜா ஓர் உத்தரவு போட்டார். எனக்குப் பதிலாக இன்னொருவன் போய்த் தூங்கட்டும்.

சபையில் எல்லோரும் அவரவர் கால் விரலைப் பார்த்தார்கள். ஏனென்றால் கணக்கு எல்லோருக்கும் புரிந்துவிட்டது. துறைமுகத்தாரோடு சேரச் சொன்னார் தாத்தா என்றால், அக்கரைத் தூதர், அதை வந்து சொன்னவனுடைய தலையைக் கேட்பார். அக்கரையாரோடு சேரச் சொன்னார் என்றால் துறைமுகத் தூதர் கேட்பார். மகாராஜாவும், தன் வயல் தப்பினால் போதும் என்று சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார். தாத்தா ஒன்றுமே சொல்லவில்லை என்றாலோ, மகாராஜாவே எடுத்துக்கொள்வார்.

அங்கே பாதிஸ், ஊசெம் என்று இரண்டு அமைச்சர்கள். பாதிஸ் துறைமுகத்தாரின் ஆள், ஊசெம் அக்கரையாரின் ஆள். இருவரும் ஒருவர் நிழலை ஒருவர் மிதிக்கமாட்டார்கள். அன்றைக்கு மட்டும் அதிசயமாக ஒரே குரலில் ஒரே பெயரைச் சொன்னார்கள். இதீர்.

இதீர் அரண்மனை விகடகவி. மகாராஜாவைச் சிரிக்கவைப்பது அவன் வேலை. ஒன்பது நாளாக வேலை இல்லாமல் இருந்தான். பாதிஸ் ராப்பகலாக உட்கார்ந்து பாடிய நாற்பது வரி ராஜ வாழ்த்தை ஒரே ஒரு கொட்டாவியில் முடித்துவைத்தவன் அவன். ஊசெம் குதிரையிலிருந்து விழுந்தபோது, அமைச்சர் இறங்கிய வேகத்தைப் பாருங்கள் என்று சபையில் புகழ்ந்தவனும் அவனே. இருவரும் அதை மறந்துவிடுவார்கள் என்று நினைத்தது அவன் செய்த தப்பு.

“சும்மா அனுப்பினால் போதாது, மகாராஜா,” என்றார் பாதிஸ். “இவன் வாய் எப்படிப்பட்டது என்று தங்களுக்குத் தெரியும். தாத்தா கல்லின்மேல் கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது காதில் விழுகிற எல்லாவற்றையும், இரு தூதர்கள் முன்னிலையில், சொன்னது சொன்னபடி சொல்ல வேண்டும். ஒரு சொல் கூட்டினாலும் தலை, ஒரு சொல் குறைத்தாலும் தலை. இப்படிச் சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள்.”

இதீர் சத்தியம் செய்தான். செய்யாமல் என்ன செய்வான், பக்கத்தில் வாளோடு ஆள் நிற்கும்போது.

மறுநாள் காலையில் விஷயத்தைக் கேட்ட அவன் மனைவி தஸ்ஸா, பிசைந்துகொண்டிருந்த மாவை அப்படியே விட்டுவிட்டாள்.

“தாத்தா எந்தப் பக்கம் பேசினாலும் தலை போயிடுமா?”

“போயிடும்.”

“பேசாட்டியும் போயிடுமா?”

“அதுவும் போயிடும்.”

 அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஊரு பூராவும் உங்க பேச்சக் கேட்டுச் சிரிக்கிது. எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்ல, சொல்லிப்புட்டேன். ஆனா நீங்க தலையோட வீட்டுக்கு வரணும். ரொட்டி சுட்டு வச்சிருப்பேன், ஆறிப்போனா எனக்குக் கெட்ட கோவம் வரும்,” என்றாள்.

 இதீர் பயந்தது வாளுக்கு அல்ல, இவள் தனியாக அந்த ரொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே என்பதற்குத்தான். வழியெல்லாம் பாதிஸ் வாங்கிய சத்தியத்தைச் சொல் சொல்லாகத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தான். நாலாவது தடவை சொன்னபோது சட்டென்று நின்றான். பிறகு கொஞ்சம் சீக்கிரமாக நடந்தான்.

உச்சிவேளையில் தாத்தா கல்லின்மேல் ஒரு கம்பளியை விரித்துப் படுத்தான். கண்ணை மூடினான். குறட்டையைத் தொடங்கினான். சாதாரணக் குறட்டை அல்ல, யானைத் தொழுவத்தில் இருந்து பதில் வந்தது என்று அப்புறம் சொன்னார்கள்.

தாத்தா கல் விஷயத்தில் இன்னொரு நடைமுறையும் உண்டு. படுத்திருக்கிறவனுடைய காது அந்த நேரத்துக்குத் தாத்தாவின் காது. யாருக்கு என்ன வேண்டுமோ, ஒவ்வொருவராக வந்து அந்தக் காதில் ரகசியமாகக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் பொய் சொல்லக்கூடாது. தாத்தாவிடம் பொய் சொன்னால் நாக்கு வீங்கிவிடும் என்று அந்த தேசத்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அதிகாரமும் செய்யக்கூடாது. கெஞ்ச வேண்டும். செத்துப்போனவர்களுக்குக் கெஞ்சினால்தான் பிடிக்கும். வருஷம் முழுக்கச் சபையில் ஒரு உண்மை பேசாதவர்கள் இந்த ஒரு கல்லுக்கு முன்னால் மட்டும் ஒழுங்காகப் பேசுவார்கள். கல் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறது என்ற தைரியம்.

முதலில் வந்தவர் பாதிஸ். இதீரின் உள்ளங்காலில் ஓர் இறகால் வருடிப் பார்த்தார். அசையவில்லை. விலாவில் ஒரு குத்து. குறட்டை சுருதி மாறவில்லை. திருப்தியாகக் காதருகே குனிந்தார்.

“தாத்தா, துறைமுகத்தாரோடு சேரச் சொல்லுங்கள். மேற்குச் சமவெளி முழுவதையும் எனக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பேரன் இருக்க ஒரு குடிசை பார்த்துவைத்திருக்கிறேன். கூரை ஒழுகும், ஆனாலும் பட்டினி போடமாட்டேன். மூன்று கறுப்புக் காளை பலி தருகிறேன்.”

அடுத்து ஊசெம் வந்தார். அவர் இறகெல்லாம் தேடவில்லை, நேராகக் காதைக் கிள்ளினார். இதீர் தூக்கத்தில் புரள்கிறவன்போல ஒரு கையை வீசினான். அது அமைச்சரின் மூக்கில் பட்டது. தூங்குகிறவனைக் கோபிக்க முடியாது, வழக்கம் அப்படி.

“தாத்தா, அக்கரையாரோடு சேரச் சொல்லுங்கள். இந்தச் சபையில் யானைத் தந்த நாற்காலி போட்டு, அவர்கள் பெயரால் என்னை உட்காரவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பேரனை அவர்கள் ஊருக்குக் கொண்டுபோய் வெற்றி ஊர்வலத்தில் நடக்கவைப்பார்கள். சங்கிலியை மெல்லியதாகப் போடச் சொல்லி நான் சிபாரிசு செய்கிறேன். நாலு காளை தருகிறேன்.”

பிறகு தைல வாசனை வந்தது. பின்னாலேயே துறைமுகத் தூதர் வந்தார். பாதிஸ் அவருக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார், நாக்கு வீங்குவது உட்பட.

“பெரியவரே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கூலிக் குதிரைக்காரர்கள் எல்லாரும் ஓடிவிட்டார்கள். உங்கள் பேரனின் குதிரைப்படை வராவிட்டால் மழைக்காலம் வரைக்கும்கூட நாங்கள் தாங்கமாட்டோம். வயலை எரிப்போம் என்றது வெறும் மிரட்டல். பந்தம் பிடிக்கக்கூட எங்களிடம் ஆள் இல்லை. தயவுசெய்து பேரனிடம் நல்லபடியாகச் சொல்லுங்கள்.”

நான்காவதாக அக்கரைத் தூதர். உட்காரும்போது முழங்கால் மடக் என்றது. அக்கரையார் நம்மவர்களைவிட மோசம், கோழி இரை கொத்துகிறதா என்று சகுனம் பார்த்துவிட்டுத்தான் போருக்கே கிளம்புவார்கள். அதனால் ஊசெம் அவரை அதிகம் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

“ஐயா, எங்கள் சேனை பட்டினி. சகுனம் பார்க்கிற கோழிகள் மட்டும் பசியில் நன்றாகக் கொத்துகின்றன, ஆகவே சகுனம் பிரமாதம். சிப்பாய்கள்தான் தோல் வாரை ஊறவைத்து மெல்லுகிறார்கள். உங்கள் பேரனின் கோதுமை வராவிட்டால் நாங்கள் கப்பல் ஏறித் திரும்ப வேண்டியதுதான். அந்த வயல் எரிந்தால் முதலில் சாகிறவர்கள் நாங்கள். கருணை செய்ய வேண்டும்.”

இதீருக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஒன்பது நாளாக மகாராஜா இவர்களைப் பார்த்தா நடுங்கிக்கொண்டிருந்தார். குறட்டையில் சிரிப்பு கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்குள் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

வேலை முடிந்தது, எழுந்துவிடலாம் என்று அவன் நினைத்தபோது இன்னொருவர் வந்தார். ஆட்டுக்காரன் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துப் போர்த்தியிருந்தார். கிள்ளவும் இல்லை, வருடவும் இல்லை. பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார்.

“தாத்தா, நான்தான். நீங்கள் குதிரையில் ஏற்றினால் அலறுவேனே, அந்த அமஸ்தான். எனக்குப் பயமாக இருக்கிறது. இன்றைக்கே எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் என்று இருக்கிறது. ஜனங்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் ஓடாமல் இருக்கிறேன். எனக்கு ராஜாவாக இருக்கத் தெரியவில்லை, தாத்தா. நீங்கள் ஏதாவது சொல்லுங்கள்.”

இதீரின் கன்னத்தில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது. அவன் குறட்டை விடுவதையே மறந்துவிட்டான். நல்லவேளை, மகாராஜா அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. இத்தனை நாள் இவரைச் சிரிக்கவைப்பதற்கே சோறு தின்றோமே, இவர் இப்படி இருக்கிறார் என்று தெரியாமல் போயிற்றே என்று இதீருக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் சபை கூடியது. தூதர்கள் ஆளுக்கொரு பக்கம், அமைச்சர்கள் ஆளுக்கொரு பக்கம், நடுவில் மகாராஜா. வாளோடு ஆளும் வந்து நின்றான். இதீர் கைகட்டி நின்று, காதில் விழுந்ததைச் சொல்ல ஆரம்பித்தான்.

சொன்னது சொன்னபடி சொன்னான். மேற்குச் சமவெளி, ஒழுகுகிற கூரை, மூன்று கறுப்புக் காளை. பாதிஸின் முகம் வெளுத்தது. தந்த நாற்காலி, ஊர்வலம், மெல்லிய சங்கிலி, நாலு காளை. ஊசெம் தூணைப் பிடித்துக்கொண்டார். ஓடிப்போன குதிரைக்காரர்கள், பந்தம் பிடிக்க ஆளில்லாத பட்டணம். தைல வாசனையோடு வியர்வை வாசனையும் சேர்ந்துகொண்டது. தோல் வாரை மெல்லுகிற சேனை, கொத்துகிற கோழிகள். அக்கரைத் தூதர் கூரையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

“கண்ணை மூடியிருந்ததால் ஆளைப் பார்க்கவில்லை, மகாராஜா,” என்றான் இதீர். “தாத்தாவுக்கு இத்தனை குரலா என்று எனக்கே ஆச்சரியம். அவருக்கு எதற்கு மேற்குச் சமவெளி, அவருக்கு ஏது கோழி என்றெல்லாம் யோசித்தேன். இந்தக் குரல்கள் தன்னுடையவை என்று சபையில் யாராவது சொன்னால் திருத்திக்கொள்கிறேன்.”

யார் சொல்வார்கள். 

மகாராஜாவின் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு எதுவும் கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறும். பிறகு அக்குளிலிருந்து கைகளை எடுத்தார். மிரட்டியவர்கள் இருவரும் தன்னிடம் கெஞ்ச வந்தவர்கள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்த கணமே இன்னொன்றும் புரிந்தது. இன்னும் ஒரு குரல் பாக்கி இருக்கிறது. அது வெளியே வந்தால், ஓடிப்போக நினைத்த ராஜா இவர் என்று இரண்டு தூதர்களும் அறிந்துகொள்வார்கள். கிடைத்த பிடி அத்தனையும் கைநழுவிப் போய்விடும். 

இதீர் வணங்கிவிட்டு, “அவ்வளவுதான்,” என்றான்.

மூழ்குகிறவனுக்கு வருகிற வேகம் பாதிஸுக்கு வந்தது. “நிறுத்து. கல்லுக்குப் போகிற வழியில் நான் ஒரு காவலாளியை வைத்திருந்தேன். கல்லுக்கு வந்தவர்கள் ஐந்து பேர். நீ சொன்னது நான்கு குரல். ஐந்தாவது ஆள் போர்வை போர்த்தியிருந்தார் என்றான். அவர் சொன்னது எங்கே? ஒரு சொல் குறைத்தாலும் தலை என்று சத்தியம் செய்தாயே.”

வாளோடு நின்றவன் ஓர் அடி முன்னால் வந்தான். இதீர் மகாராஜாவைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் கதை முடிந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். தஸ்ஸாவை ஒருமுறை நினைத்துக்கொண்டான்.

“அமைச்சரே, ஐந்தாவது ஆள் வந்தபோது நான் தூங்கிப்போய்விட்டேன்,” என்றான்.

“என்னது?”

“தூங்கத்தானே அனுப்பினீர்கள். ஒரு மத்தியானம் முழுக்க விழித்துக்கொண்டே படுத்திருந்தால் மனிதனுக்குக் கொஞ்சமாவது கண் அசராதா?”

“அப்படியானால் முதல் நான்கு பேர் வந்தபோது நீ விழித்திருந்தாயா? மோசக்காரா.”

“கண்ணை மூடிப் படுத்துக் காதில் விழுவதைச் சொல் என்று சத்தியம் வாங்கியது தாங்கள். மூடினேன், படுத்தேன், சொல்கிறேன். தூங்கச் சொல்லித் தாங்கள் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. கடைசியில் தூங்கியது நான் கூடுதலாகச் செய்த உழைப்பு. அதுசரி, அமைச்சரே, நான் சொன்ன நான்கும் நான்கு பேர் வந்து சொன்னது என்று இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்களே. முதலில் வந்தவர் யார் என்று காவலாளி சொன்னானா?”

 மகாராஜாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. விக்கல் என்று எல்லோரும் நினைத்தார்கள். சிரிப்பு. பத்து நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பானதால் நிற்கத் தெரியாமல் வந்தது. கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்தது. துறைமுகத் தூதரும் சிரித்தார், அக்கரைத் தூதரும் சிரித்தார். சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால் அந்தக் குரல் தன்னுடையது என்று ஆகிவிடுமே.

சிரித்து முடித்துவிட்டு மகாராஜா ராஜாவைப்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். என் தாத்தா யாரோடும் சேரச் சொல்லவில்லை, அதனால் இப்போதைக்கு யாரோடும் சேரப்போவதில்லை என்றார். அறுவடை முடியும்வரை இரு பட்டணத்தாரும் என் எல்லைக்குள் கால் வைக்கக்கூடாது. ஒரு கதிர் கருகினாலும், கருக்கியவருடைய பகைவரிடம் என் குதிரையும் கோதுமையும் போய்ச் சேரும். தூதர்களுக்கு இது மிகவும் நியாயமாகப் பட்டது. அக்கரைத் தூதர் கிளம்பும்போது, பசிக்கு இரண்டு மூட்டை கிடைக்குமா என்று பணிவாகக் கேட்டார். கிடைத்தது. கோழிகளுக்கென்று தனியாக ஒரு படியும் போடச் சொன்னார் மகாராஜா.

பாதிஸ் ஆசைப்பட்ட மேற்குச் சமவெளி அவருக்கே கிடைத்தது, அங்கே அரண்மனைக் குதிரைகளை மேய்க்கிற வேலையோடு. கூரை ஒழுகியது. ஊசெமுக்கு ஒரு யானைத் தந்த நாற்காலியை யானைத் தொழுவத்தில் போட்டுக் கொடுத்தார்கள். தந்தத்துக்குச் சொந்தக்காரர்கள் மத்தியிலேயே அவர் அதில் உட்கார்ந்து சாணம் அள்ளுவதை மேற்பார்வை பார்த்தார்.

எல்லோரும் போன பிறகு மகாராஜா இதீரை மட்டும் நிறுத்திக்கொண்டார். வாளோடு நின்ற ஆளையும் வெளியே அனுப்பினார். சாளரத்து வழியாக வயலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“இதீர், உண்மையைச் சொல். ஐந்தாவது ஆள் வந்தபோது நீ தூங்கினாயா?”

“நன்றாக, மகாராஜா.”

“அவர் சொன்னது ஒன்றும் உன் காதில் விழவில்லையா?”

இதீர் அவர் முகத்தைப் பார்த்தான். பார்த்து, நிதானமாகக் கேட்டான். “வந்தது யார், மகாராஜா? தங்களுக்குத் தெரியுமா?”

மகாராஜா அவன் பக்கம் திரும்பினார். கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு சிரிக்க ஆரம்பித்தார். இந்தத் தடவை கிரீடம் கழன்று கீழேயே விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

“தெரியாது,” என்றார்.

பிறகு தன் லாயத்தில் முதல் இடத்தில் நின்ற வெள்ளைப் பெண்குதிரையைத் தன் கையாலேயே அவிழ்த்து இதீருக்குக் கொடுத்தார். நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம், வீட்டில் இரு என்றார். இதீர் குதிரையில் ஏறி ரொட்டி ஆறுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்தான்.